வலது மூலையில் ஓர் அளவுத்திட்டம்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதிய யாருக்கும் அந்தத் தாள் மறந்திருக்காது. கட்டம் போட்ட வரைபடத்தாள், எட்டு மதிப்பெண். கம்பைநல்லூரில் படித்தாலும் மொரப்பூரில் படித்தாலும் ஆசிரியர் சொல்லித்தந்த வரிசை ஒன்றுதான். முதலில் இரண்டு அச்சுகளைப் போடு, வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுது, அதற்குப் பிறகு புள்ளி வை. ஒரு சென்டிமீட்டர் எத்தனை அலகு என்று சொல்லாத கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் குறையும்.

தேர்வு முடிந்ததும் தாளை மறந்துவிடுகிறோம். கோடு மட்டும் நம்மை விடுவதில்லை. பால் கொள்முதல் செய்கிறவர், புளி வியாபாரி, உரக்கடைக்காரர் என்று கணக்கை மென்பொருளில் போட்டு வைக்கிற எவருடைய செல்போனிலும் அது பட்டையாக, கோடாக, வட்டமாக வந்து நிற்கிறது. டேஷ்போர்டு என்கிறோம். ஓரத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரக் குறி இருக்கும். அதைத் தொட்டால் அச்சு, நிறம், எண்ணை எழுதும் முறை, பெயர், வரிசை என்று ஒரு பட்டியல் விரியும். பலரும் அதைத் தொடுவதே இல்லை. தொட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கோடு பிறந்து வளர்ந்து இங்கே வந்து சேர்ந்த கதையை எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில் 1759-இல் பிறந்தவர் வில்லியம் பிளேஃபேர். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவருக்கு அண்ணன் ஜான் பிளேஃபேர்தான் ஆசான். ஜான் பின்னாளில் எடின்பரோவில் கணிதப் பேராசிரியர் ஆனவர். தினமும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறித்து வை என்று தம்பியிடம் சொன்னார். குறித்த அளவுகளை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் வெப்பமானிகளாக மனத்தில் பார்க்கவும் பழக்கினார். பிறகு வில்லியம், நீராவி இயந்திரம் செய்த ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தார். கண்ணில் வெப்பமானியும் கையில் வரைகோலுமாக வளர்ந்த அவர், 1786-இல் இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளைப் படங்களாக்கிப் புத்தகம் போட்டார். அதில் 44 படங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, நிறத்தைக் கையால் தீட்டினார்கள்.

பணத்தை உயரமாக வரையலாம் என்பதே அன்று புதிய எண்ணம். அதைப் புரியவைக்க பிளேஃபேர் காசு அடுக்கும் உதாரணத்தை எடுத்தார். வியாபாரி ஒருவர் அன்றன்று வந்த காசை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு நாளின் அடுக்கையும் வரிசையாக வைத்தால் எந்த நாள் நல்ல நாள் என்று தூரத்திலிருந்தே தெரியும். கல்லாவில் உட்கார்ந்த எவருக்கும் விளங்குகிற பேச்சு இது.

அந்த 44 படங்களில் ஒன்று நம் பக்கத்துக் கதை. 1700 முதல் 1780 வரை கிழக்கிந்திய நாடுகளோடு இங்கிலாந்து நடத்திய வணிகம் அதில் இரண்டு கோடுகளாக ஓடுகிறது. அங்கிருந்து வாங்கியது ஒரு கோடு, அங்கே விற்றது இன்னொன்று. வாங்கிய கோட்டுக்குள்ளே சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் இருக்கிறது. நம் தறிகளின் கணக்கு, கோட்டு வரைபடம் பிறந்த அன்றே அதில் ஏறிவிட்டது.

பட்டை வரைபடம் பிறந்தது பற்றாக்குறையில். ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு ஓராண்டுக் கணக்குதான் பிளேஃபேர் கையில் இருந்தது. ஓராண்டை வைத்துக் கோடு இழுக்க முடியாது. அதனால் எந்தெந்த நாட்டோடு எவ்வளவு வணிகம் என்று பட்டை பட்டையாகப் போட்டார். 44-இல் அது ஒன்றுதான் பட்டைப் படம். 1801-இல் வெளியிட்ட இன்னொரு நூலில் வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டினார். இன்று டேஷ்போர்டைத் திறந்ததும் நம் முன் நிற்கும் கோடு, பட்டை, வட்டம் மூன்றும் அந்த ஒரே மனிதர் வீட்டுப் பிள்ளைகள்.

1858-இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்த வட்டத்தை விசிறிபோல விரித்தார். கிரிமியப் போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்கள் மிக அதிகம் என்று ஆட்சியாளர்களை நம்பவைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் இதழ். இதழின் நீளத்தை எண்ணுக்கு ஏற்றபடி நீட்டியிருந்தால் பரப்பு அளவுக்கு மேல் பெருத்துப்போய்ப் பார்ப்பவரை ஏமாற்றியிருக்கும். அவர் பரப்பையே எண்ணுக்கு ஏற்றபடி அமைத்தார். ஆத்திரம் கொள்ள எல்லாக் காரணமும் இருந்த இடத்திலும் அளவைக் கூட்டிக் காட்டாத அந்தக் கண்டிப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அன்றெல்லாம் எந்த அளவு, எந்த நிறம், எங்கே பெயர் என்பதை ஒரு மனிதர் யோசித்து முடிவு செய்தார். கணினி வந்த பிறகு அந்த யோசனை கை மாறியது. 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் எக்செல். எண்ணைக் கொடுத்தால் போதும், படம் வந்துவிடும். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் தமிழ்நாட்டிலிருந்தே டேஷ்போர்டு மென்பொருள் செய்து உலகுக்கு விற்கிறது. கோட்டுக்கு நம் ஊரிலும் ஒரு பட்டறை வந்துவிட்டது. ஆனால் மென்பொருளை எந்த ஊரில் எழுதினாலும், எழுதியவர் நம் கணக்கைப் பார்த்ததில்லை. எல்லாருக்கும் ஓரளவு பொருந்தட்டும் என்று அவர் வைத்த அமைப்புதான் முதலில் நம் திரைக்கு வருகிறது.

எக்செலில் ஒரு விதி உண்டு. பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அச்சு தானாகவே பூஜ்யத்தை விட்டு மேலே ஏறித் தொடங்கும். இதைப் பாலில் வைத்துப் பார்ப்போம். கம்பைநல்லூர்ப் பக்கம் இரண்டு பேர் பால் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பாலில் ஃபேட், அதாவது கொழுப்பு, 3.6; மற்றவர் பாலில் 3.8. பட்டையின் அடி 3.5-இல் தொடங்கினால் இரண்டாவது பட்டை முதல் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரம் நிற்கும். பாலில் உள்ள வித்தியாசமோ இருபதில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். முதலாமவர் மாட்டைக் குறை சொல்வதா, தீவனத்தைக் குறை சொல்வதா என்று கவலைப்படுவார். அச்சின் தொடக்கத்தைப் பூஜ்யம் என்று மாற்றச் சில தொடுதல் போதும்.

எல்லாப் படத்துக்கும் பூஜ்யம் தேவையில்லை. பட்டையில் கண் நீளத்தைப் படிக்கிறது, அதனால் அடியை வெட்டக் கூடாது. கோட்டில் கண் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. ஒரே மாட்டின் ஃபேட் மாதம் முழுக்க எப்படிப் போகிறது என்று பார்க்க 3-இலிருந்து 5 வரை வைத்த கோடுதான் உதவும். 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் உள்ள இடத்தைக் கண் நன்றாகக் கணிக்கிறது, கோணத்திலும் பரப்பிலும் தடுமாறுகிறது என்று கண்டார்கள். பங்குகள் ஏழெட்டாகப் பெருகும்போது வட்டத்தை விட்டுப் பட்டைக்கு மாறுவது அதனால்தான் நல்லது.

அடுத்தது பெயர். செல்போன் திரையில் இடம் போதாதபோது மென்பொருள் பெயரைப் பாதியில் வெட்டும். நம் தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி உண்டு, பாப்பிரெட்டிப்பட்டியும் உண்டு. வெட்டினால் இரண்டும் ‘பாப்...’ என்று நிற்கும். எந்த ஊரில் விற்பனை இறங்கியது என்று யாரிடம் கேட்பது? நிற்கும் பட்டையைப் படுக்க வைத்தால் பெயர் முழுதாக இடப்பக்கம் உட்காரும். எண்ணும் அப்படியே. 1,000,000 என்று வந்தால் நம்மவர் விரல் வைத்துச் சுழி எண்ணுவார். 10,00,000 என்று மாற்றினால் பத்து லட்சம் என்று வாய் தானாகச் சொல்லும். நிறமும் ஊருக்கு ஊர் மாறும். நமக்குப் பச்சை ஏற்றம், சிவப்பு இறக்கம். சீனத்திலும் ஜப்பானிலும் பங்குச்சந்தைத் திரையில் சிவப்பே ஏற்றம்.

எல்லாவற்றிலும் கனமான அமைப்பு எதை அளப்பது என்பது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு முதலமைச்சருக்கென்று ஒரு டேஷ்போர்டு தொடங்கப்பட்டது. அதில் அணைகளின் நீர் நிலவரமும் உண்டு. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 60 அடி என்றால் பாதி அணை என்று நினைப்போம். அப்போது இருக்கும் நீர் சுமார் 25 டி.எம்.சி., கால் பங்குக்குச் சற்றே மேல். அணையின் அடி குறுகலாகவும் மேல் அகலமாகவும் இருப்பதால் இப்படி. அச்சில் அடியை வைத்தால் ஒரு படம், டி.எம்.சி.யை வைத்தால் வேறு படம். குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்கிற உழவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

தென்பெண்ணைக்குப் பக்கத்தில் வாழ்கிற கம்பைநல்லூர்க்காரருக்கோ அதே ஆற்றில் மேலே இருக்கும் கிருஷ்ணகிரி அணையின் அடிக்கணக்கு வேண்டும். முழு உயரம் 52 அடி. அணை நிரம்பி உபரி நீர் திறந்தால் கீழே கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வரும். 2017 நவம்பரில் அதன் ஷட்டர் ஒன்று உடைந்து தேங்கிய நீர் வெளியேறியது. ஷட்டரின் உயரம் 20 அடி; அதன் கீழ்விளிம்பு 32 அடியில் நிற்கிறது. ஆகவே அந்தப் படத்தில் 52-இல் ஒரு கோடும் 32-இல் ஒரு கோடும் குறுக்கே இழுத்து வைக்க வேண்டும். நீர் எந்தக் கோட்டை நெருங்குகிறது என்பதே கரையில் இருப்பவருக்குச் செய்தி. எந்த மென்பொருளும் தானாக அந்த இரண்டு எண்ணைப் போடாது. ஆற்றை அறிந்தவர்தான் போட வேண்டும்.

செப்புத் தகட்டிலிருந்து வரைபடத்தாளுக்கும் அங்கிருந்து திரைக்கும் வந்த கோடு, வழியில் அளவுத்திட்டத்தை மட்டும் ஒரு குறிக்குள் மறைத்துவிட்டது. அதைத் திறந்து என்ன அளவு, எந்த அலகு, எங்கே தொடக்கம் என்று படத்தின் மூலையிலேயே எழுதி வைப்போம். அடி வெட்டிய அச்சாக இருந்தால் அதையும் எழுதுவோம். காலைப் பால் ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவி எடுத்துப்போகும் அம்மா அந்தப் படத்தை ஒரு நிமிடம்தான் பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்தில் 3.6 அவருக்கு 3.6-ஆகவே தெரிய வேண்டும்.