தாய்மந்தையின் தரம்: கலப்பு முறை முதலில், பொலிகாளைத் தேர்வு பிறகு

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் அமெரிக்கப் பண்ணையில் ஒரு பசு ஆண்டுக்குத் தருவது ஒரே ஒரு கன்று. பாலோ உழைப்போ அங்கே கணக்கில் வருவதில்லை. சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள் என்பதால், ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் ஈன்ற பசு மீண்டும் சினைப்பிடிக்க எஞ்சுவது 82 நாள்தான். அந்த 82 நாளுக்குள் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே உடல் தேற வேண்டும். பருவத்துக்கு வந்து சினையும் நிற்க வேண்டும். இதில் தவறும் பசு ஓராண்டுத் தீவனத்தைத் தின்றுவிட்டுக் கன்றில்லாமல் நிற்கும். ஆகவே பெண்மாட்டை மேம்படுத்துவது என்றால் காலத்தில் சினைப்பிடித்து, உதவியின்றி ஈன்று, கன்றை நன்றாக வளர்த்து, பல ஈற்றுகள் மந்தையில் நிலைக்கும் திறனை வளர்ப்பதுதான். ஆனால் பொலிகாளை வாங்குவோரின் கண் பெரும்பாலும் கன்றின் எடை மீதே இருக்கிறது. விற்பனைக் கன்று வளர்க்கும் பண்ணையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தெந்த இனங்கள் சேர்ந்து தாய்ப்பசுவை உருவாக்க வேண்டும் என்பது. அந்தந்த இனத்துக்குள் எந்தக் காளை என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த வரிசை தலைகீழானால் எளிதில் கிடைக்கக்கூடிய பெரும் ஆதாயம் கைநழுவிப் போகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான அடிப்படை மரபியலிலேயே இருக்கிறது. தசைக்குள் படியும் கொழுப்பு போன்ற இறைச்சிப் பண்புகளின் மரபுவழித்திறன் 40 விழுக்காட்டை ஒட்டியது. பால்குடி மறக்கும் வயதில் கன்றின் எடைக்கு அது 25 விழுக்காடு அளவில் நிற்கிறது. சினைப்பிடிப்புத் திறனுக்கோ 10 விழுக்காட்டைச் சுற்றியே உள்ளது. பசுக்களுக்கிடையே சினைப்பிடிப்பில் காணும் வேறுபாட்டில் மிகச் சிறு பகுதியே சந்ததிக்குக் கடத்தத்தக்கது என்பது இதன் பொருள். மேலும் ஒரு பசு நீண்ட காலம் நிலைக்கிறதா என்பது அது ஐந்தாறு வயதைக் கடந்த பிறகே தெரியும். அதற்குள் அதன் மகள்களே ஈன்றிருக்கும். தேர்வு பலன் தரும், ஆனால் மெல்லத் தரும். தேர்வு பலவீனமாக இருக்கும் இதே பண்புகளில்தான் கலப்பின வீரியம், அதாவது வெவ்வேறு இனப் பெற்றோருக்குப் பிறந்தவை அவ்வினங்களின் சராசரியை விஞ்சும் தன்மை, வலுவாக வெளிப்படுகிறது. 1950களின் பிற்பகுதியில் நெப்ராஸ்காவின் ஃபோர்ட் ராபின்சனில் தொடங்கி, கீத் கிரிகரி, லாரி கண்டிஃப் முதலானோர் ஹெர்ஃபோர்ட், ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் இனங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. காளைக்கு விடப்பட்ட ஒவ்வொரு பசுவுக்கும் கிடைத்த பால்மறந்த கன்றின் எடை, தூய இன மந்தையைவிடக் கலப்பின மந்தையில் ஏறத்தாழ 23 விழுக்காடு கூடியது. இந்தக் கூடுதலில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு, கன்று கலப்பினமாக இருந்ததால் வந்ததன்று; தாய் கலப்பினமாக இருந்ததால் வந்தது. கலப்பினத் தாய்கள் தூய இனப் பசுக்களைவிட ஓராண்டுக்கு மேல் கூடுதலாக மந்தையில் நிலைத்தன என்பதும் தெரியவந்தது. வளமான சந்ததி தரும் காளைகளைத் தேடித் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்து எட்ட வேண்டிய ஆதாயம் இங்கே ஒரே தலைமுறையில் கிடைக்கிறது.

எந்தக் கலப்பு என்பதை மேய்ச்சல் நிலமும் தட்பவெப்பமும் தீர்மானிக்க வேண்டும். மெக்சிகோ வளைகுடாக் கரையின் வெக்கையிலும் உண்ணித் தொல்லையிலும் பிராமன் காளைக்கும் ஹெர்ஃபோர்ட் பசுவுக்கும் பிறந்த கிடாரிகள் தனி மதிப்புப் பெற்றிருக்கின்றன. பிராமன் இனம் நம் ஓங்கோல், கிர், காங்கிரேஜ் மாடுகளின் வழிவந்தது. மரபால் வெகு தொலைவில் உள்ள ஐரோப்பிய இனத்தோடு சேரும்போது, ஐரோப்பிய இனங்கள் தமக்குள் கலப்பதைவிட மிகுதியான வீரியம் வெளிப்படுகிறது. அதே கிடாரி மொன்டானாவின் பனிக்காலத்தில் அந்த அளவுக்குத் தேறாது. நெப்ராஸ்காவின் கிளே சென்டரில் ஆய்வாளர்கள் ஜென்கின்ஸும் ஃபெரலும் ஒன்பது இனப் பசுக்களுக்கு வெவ்வேறு அளவில் தீவனம் கொடுத்து 1994இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. தீவனம் குறைவாக இருந்தபோது ரெட் போல், ஆங்கஸ் போன்ற நடுத்தர இனங்கள் உற்பத்தித் திறனில் முன்னணியில் நின்றன. தீவனம் தாராளமானபோது சிமென்டல், ஷரோலே போன்ற பேருருவ இனங்கள் முந்தின. சிறந்த பசு என்று தனியாக ஒன்று இல்லை. குறிப்பிட்ட புல்வெளிக்குப் பொருந்தும் பசுதான் உண்டு. காளைத் தேர்வுக்கு உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. இறைச்சி உற்பத்திக்குச் செலவாகும் மொத்தத் தீவன ஆற்றலில் பாதிக்கு மேல் தாய்மந்தைக்கே போகிறது. கன்றின் எடைக்காக மட்டுமே காளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் பசுக்களின் உருவமும் பெருக்கும். அவற்றின் வயிறும் பெரிதாகும். பால்வளமும் அப்படித்தான்: மேய்ச்சல் மெலிந்த நிலத்தில் பால் மிகும் பசு தன் உடலையே கரைத்துக் கன்றை வளர்க்கிறது, பிறகு சினைக்கு வராமல் போகிறது. இவ்விரு பண்புகளிலும் உச்சத்தைத் தேடாமல் அளவைத் தேடுவதே தாய்மந்தைத் தேர்வின் அறிவு.

இதற்கு எழும் மறுப்புகளில் சந்தை சார்ந்தது பரவலானது. 1978இல் ஆங்கஸ் இறைச்சிக்கென முத்திரைத் திட்டம் தொடங்கியதிலிருந்து கரிய கன்றுக்கு விலை கூடுதல். ஆகவே ஆங்கஸ் காளையையே தொடர்ந்து பயன்படுத்துவது லாபம் என்பார்கள். ஆனால் அத்திட்டம் கேட்பது உடலின் பெரும்பகுதி கருமையாக இருப்பதைத்தான். தூய ஆங்கஸ் இரத்தத்தை அன்று. கருமை ஓங்கு பண்பு. ஹெர்ஃபோர்ட் பசுவுக்குக் கரிய ஆங்கஸ் காளையால் பிறக்கும் வெள்ளை முகக் கரிய கன்று அந்த விலைக்குத் தகுதி பெறுகிறது, தாயாகும்போது கலப்பின வீரியத்தையும் கொண்டுவருகிறது. மாறாக, சொந்தக் கிடாரிகளையே வைத்துக்கொள்ளும் மந்தையில் கடைசி மூன்று தலைமுறைக் காளைகள் இளங்கன்றுகளின் மரபில் 87.5 விழுக்காட்டைத் தந்துவிடுகின்றன. மூன்றும் ஒரே இனமானால் உரிமையாளர் திட்டமிடாமலேயே மந்தை அநேகமாகத் தூய இனமாகிவிடும். வீரியத்தின் இந்த இழப்பு எந்த விற்பனைச் சீட்டிலும் பதிவாவதில்லை. சினைப்பிடிக்காத பசுக்களாகவும் இளவயதிலேயே கழிக்கப்படும் பசுக்களாகவும் சிதறிப் போகிறது.

ஒரே காளை வைத்திருக்கும் சிறு பண்ணைக்குக் கலப்பு முறை ஒத்துவராது என்பது இன்னொரு மறுப்பு. இரண்டு இனக் காளைகளை மாற்றி மாற்றிச் சேர்க்கும் சுழற்சியில் முழு வீரியத்தில் 67 விழுக்காடும், மூன்று இனச் சுழற்சியில் 86 விழுக்காடும் நிலைக்கும். ஆனால் இவற்றுக்குப் பல காளைகளும் தனித்தனி மேய்ச்சல் பிரிவுகளும் வேண்டும் என்பது உண்மை. நான்கு இனங்களைச் சம அளவில் இணைத்து உருவாக்கிய கூட்டினக் காளை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மந்தையைத் தூய இனம்போலவே நடத்திக்கொண்டு 75 விழுக்காடு வீரியத்தைத் தக்கவைக்கலாம். முதல் தலைமுறைக் கலப்புக் கிடாரிகளை விலைக்கு வாங்குவதும் சிறு பண்ணைக்கு உகந்த வழியே.

கனமான மறுப்பு மரபணுத் தேர்விலிருந்து வருகிறது. 2009இல் வெளியான மாட்டின் மரபணுத் தொகுதி, மொன்டானாவின் ஃபோர்ட் கியோவில் 1934 முதல் மூடிய மந்தையாகப் பேணப்பட்ட ஹெர்ஃபோர்ட் வழியைச் சேர்ந்த ஒரு பசுவினுடையது. அதன்பின் மரபணு மதிப்பீடுகள் இளங்காளையின் மகள்கள் எத்தனை காலம் மந்தையில் நிலைக்கும் என்பதையே முன்கூட்டிக் கணிக்க உதவுகின்றன. தேர்வின் பலன் தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகும். கலப்பின வீரியமோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக உருவாக்கப்பட வேண்டும். ஆகவே நெடுங்காலத்தில் தேர்வே வெல்லும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சேமிப்பு நடக்க வேண்டிய இடம் தூய இனக் காளைகளை வளர்த்து விற்கும் பண்ணை. விற்பனைக் கன்று வளர்ப்பவர் காளையை வாங்கும்போதே அந்தப் பலனையும் வாங்கிவிடுகிறார். அதைக் கலப்பினத் தாயின்மீது ஏற்றினால் இரண்டும் கிடைக்கும், தூய இனத் தாயின்மீது ஏற்றினால் ஒன்றுதான் கிடைக்கும். மரபணு மதிப்பீடு எவ்வளவு துல்லியமானாலும் இந்தக் கணக்கை மாற்றாது.

தாயாக வேண்டிய கிடாரிகளையும் விற்கப்படும் கன்றுகளையும் ஒரே காளையிடம் எதிர்பார்ப்பதைக் கைவிட வேண்டும். மந்தையில் ஒரு பகுதிக்கு மட்டும் தாய்மைப் பண்புள்ள காளையை விட்டு, மற்றப் பசுக்களுக்கு வளர்ச்சியும் தசையும் மிக்க காளையை விட்டு அக்கன்றுகள் அனைத்தையும் விற்றுவிடலாம். கிடாரிகளில் சேர்க்கைக் காலத்தைச் சுருக்கி, முதல் ஈற்றுப் பருவத்தின் முதல் 21 நாளுக்குள் ஈன்றவற்றுக்கு முன்னுரிமை தர வேண்டும். அத்தகையவை பிந்தி ஈன்றவற்றைவிட நீண்ட காலம் மந்தையில் நிலைப்பதை 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு உறுதிசெய்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை பதிவேடு. அடுத்த பொலிகாளை விற்பனைப் பட்டியலைப் பிரிக்கும் முன், தம் பசுக்கள் ஒவ்வொன்றும் எந்த இனத் தாய்க்கும் எந்த இனத் தந்தைக்கும் பிறந்தவை என்பதைப் பண்ணையாளர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். காளை வாங்குவோரிடம் அந்தப் பதிவைக் கேட்டறிந்து ஆலோசனை சொல்வதைக் காளை விற்போரும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.