சாவுக்குப் பிறகு நடக்கும் கல்யாண விசாரணை

2018 அக்டோபர் 24 அன்று தென்னாப்பிரிக்க ராப் பாடகர் ஜபுலானி ட்ஸாம்போ இறந்தார். அங்கே ஹெச்ஹெச்பி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். செட்ஸ்வானா மொழி ராப்பை நாடு முழுக்கக் கொண்டுபோனவர்களில் ஒருவர். ஆனா அவர் பாட்டைப் பற்றிப் பேசவேண்டிய அந்த வாரம் வேறு ஒரு வழக்கில் போச்சு. 'நான் அவர் மனைவி, அடக்கம் செய்யும் உரிமை எனக்குத்தான்' என்று லெராடோ செங்காடி ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். பாடகரின் அப்பாவோ, அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்றார்.

நடந்தது இவ்வளவுதான். 2016 பிப்ரவரி 28 அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெண் வீட்டுக்கு வந்து லொபோலா பேசினார்கள். லொபோலா என்பது பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டார் தருவது. நம்ம ஊர் பரிசம் மாதிரி. வரதட்சணைக்கு நேர் எதிர். அந்தக் காலத்தில் மாடு, இப்போது பெரும்பாலும் பணம். 45 ஆயிரம் ராண்ட் என்று முடிவாகி, எழுத்திலும் போட்டு, ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். பேச்சு முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தைமார் அவருடைய உடைக்குப் பொருத்தமான கல்யாண உடையைப் பெண்ணுக்கு உடுத்தி, எங்கள் குடும்பத்துக்கு வா என்று வரவேற்றார்கள். கல்யாணம் பதிவு மட்டும் ஆகவில்லை.

பதிவு இல்லை என்பது அங்கே பெரிய குறை இல்லை. 1998-இல் இயற்றி 2000 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்த வழக்காற்றுத் திருமணச் சட்டம், பதிவு செய்யாததால் மட்டும் கல்யாணம் செல்லாமல் போகாது என்று தெளிவாகச் சொல்கிறது. இருவருக்கும் 18 வயது ஆகியிருக்கணும், இருவரும் சம்மதிக்கணும், கல்யாணம் வழக்காற்றுப்படி பேசி முடிக்கப்பட்டு நடந்திருக்கணும். சிக்கல் மூன்றாவதில்தான். 'வழக்காற்றுப்படி' என்றால் என்ன என்று சட்டம் பட்டியல் போடவில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு முறை, அதுவும் காலத்தோடு மாறுகிற முறை என்பதால், வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

பாடகரின் அப்பா பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். பெண்ணை முறைப்படி புகுந்த வீட்டில் கொண்டுவந்து ஒப்படைக்கும் சடங்கு நடக்கவில்லை, எனவே கல்யாணம் இல்லை என்பது அவர் வாதம். வெறும் சாக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2007-இல் கேப் உயர்நீதிமன்றம் ஃபான்டி வழக்கில் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தது. அதுவும் அடக்கம் பற்றிய தகராறுதான். கணவன் என்று சொல்லி வந்தவர், இறந்துபோன பெண்ணின் தாயிடம் தோற்றார்.

எனக்கு இதில் உறைத்தது ஒன்று. இந்தக் கல்யாணங்களுக்கு 'இந்த நிமிஷம்' என்று ஒரு முகூர்த்தம் கிடையாது. பேச்சு, பாதிப் பணம், விருந்து, சேர்ந்து வாழ்வது, மீதிப் பணம், ஒப்படைப்பு என்று வருஷக்கணக்கில் நீளும். இருவரும் உயிரோடு இருக்கும்வரை எந்தத் தேதியில் கணவன் மனைவி ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சாவு வந்ததும் சவப்பெட்டி, வீடு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை என்று ஒரே பதில் வேண்டியிருக்கிறது. (என் தொழிலில் பாதியில் நிற்கும் பரிவர்த்தனையைக் கணினி பழைய நிலைக்கே திருப்பிவிடும். மனிதர்களை அப்படித் திருப்ப முடியாதே!) 'இல்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அன்றைக்கு விருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

அரசு ஏற்காத கல்யாணம் என்ற பிரச்சினை தென்னாப்பிரிக்காவில் தமிழருக்கும் பழையது. 1913-இல் நீதிபதி சீர்ல், பலதார மணத்துக்கு இடம்தரும் மதங்களின் கல்யாணங்களை ஏற்க மறுத்தார். அந்த ஆண்டு காந்தியின் போராட்டத்தில் பெண்கள் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றது அந்தப் போராட்டத்தில்தான். பதிவில்லாத இந்துக் கல்யாணத்தின் விதவைக்கும் கணவர் சொத்தில் பங்குண்டு என்று டர்பன் நீதிமன்றம் கோவிந்தர் வழக்கில் சொன்னது 2008-இல். இடையில் 95 வருஷம்.

செங்காடி வழக்குக்கு வருவோம். அடக்கத்துக்கு முதல் நாள் உயர்நீதிமன்றம் அவரை வழக்காற்று மனைவி என்று அறிவித்தது. ஆனால் அடக்கத்தை நிறுத்த மறுத்துவிட்டது. மறுநாள் குடும்பத்தார் தங்கள் ஏற்பாட்டின்படியே அடக்கம் செய்தார்கள். மாமனார் மேல்முறையீடு செய்தார். 2020 ஏப்ரல் 30 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒப்படைப்பு மட்டுமே கல்யாணத்தைத் தீர்மானிக்காது. இரு குடும்பமும் சம்மதித்து உடை உடுத்திக் கொண்டாடியதே போதும் என்பது தீர்ப்பின் சாரம். 2019-இல் ம்புங்கேலா வழக்கிலும் அதே நீதிமன்றம் இதையே சொல்லியிருந்தது. அங்கே இறந்தது மனைவி. உரிமை கேட்டு வந்தவர் கணவர்.

தீர்ப்பு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் வாசல் அகலமானால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2013-இல் அரசியல் சாசன நீதிமன்றம் முடித்த மயெலானே வழக்கில், கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கல்யாணத்தோடு வந்து நின்றார்கள். முதலாமவர் 1984-இல் மணந்தவர். இரண்டாவது கல்யாணம் நடந்ததாகச் சொல்லப்படுவது 2008-இல். முதல் மனைவியைக் கேட்காமல் இரண்டாவதைக் கட்டலாமா? நீதிபதிகள் தாங்களாக யூகிக்காமல் ட்சோங்கா வழக்கத்தைப் பற்றிக் கூடுதல் வாக்குமூலங்கள் கேட்டு வாங்கினார்கள். முதல் மனைவியின் சம்மதம் தேவை என்று தீர்ப்பாயிற்று. இரண்டாமவரின் கல்யாணம் செல்லாமல் போனது. கட்டியவரைக் கேட்க வழியில்லை. அவர்தான் 2009-லேயே போய்ச் சேர்ந்துவிட்டாரே.