வேப்பங்கொட்டைக் கரைசல்

வேப்பம்பருப்பை இடித்து, நீரில் ஊறவைத்து வடித்தெடுக்கப்படும் வேப்பங்கொட்டைக் கரைசல், மனிதருக்கும் கால்நடைகளுக்கும் கேடு விளைவிக்கும் இரசாயன நஞ்சுகளுக்கு மாற்றாகப் பயிர்களின்மீது தெளிக்கப்படும் தாவரப் பூச்சிவிரட்டியாகும். தானியக் குதிரில் வேப்பிலையையும் நொச்சியிலையையும் இட்டுவைக்கும் வழக்கம் தமிழகத்துக் குடியானவர் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்ததாயினும், அதன் காரணத்தை விஞ்ஞான ரீதியில் ஆராயும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது.

1959இல் சூடான் நாட்டை வெட்டுக்கிளிப் படை சூறையாடியபோது, பசுமையனைத்தும் அழிந்த நிலத்தில் வேப்பமரங்கள் மட்டும் இலையுதிராமல் நின்றதை ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கண்ணுற்றார். 1962இல் புதுதில்லியில் நிகழ்ந்த பரிசோதனையில், பருப்புக் கரைசல் தெளித்த பயிரில் வந்தமர்ந்த வெட்டுக்கிளிகள் அதனைத் தின்ன மறுத்தன. இவ்வாற்றலுக்கு முதற்காரணமான அசாடிராக்டின் என்னும் பொருள் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இக்கரைசல் பூச்சியைத் தொட்ட மாத்திரத்தில் கொல்வதன்று. தின்ன வந்த ஜந்துவைக் கசப்பினால் விலக்குவதோடு, தின்ற புழுவின் உடலில் தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனின் ஒழுங்கைக் குலைத்து, அது பழைய தோலைக் கழற்றமாட்டாமல் மடியச் செய்கிறது. ஆகவே, தெளித்த மறுநாள் வயலில் செத்த பூச்சிகளைத் தேடிப் பார்த்து ஏமாற்றமடைவது இக்கரைசலின் தன்மையை அறியாமையால் விளைவதேயாகும். அது பயனளித்ததா என்பதை, சில நாட்கள் கழித்துத் துளிர்க்கும் இளந்தளிர் கடிபடாதிருக்கிறதா என்று பார்த்தே நிர்ணயிக்க வேண்டும். பூச்சி பெருகிய பின்னர் தெளிப்பதினும் முட்டையும் இளம்புழுவும் தென்படும் தருணத்திலேயே தெளிப்பது நன்று.

ஆனி, ஆடி மாதங்களில் பழுத்து உதிரும் வேப்பம்பழங்களைச் சேகரித்து, சதையை நீக்கி, கொட்டைகளை நிழலில் உலர்த்திக் காற்றோட்டமான சாக்கில் வைத்தல் வேண்டும். பூசணம் பிடித்த கொட்டை ஆகாது. பத்து மாதங்களுக்கு மேற்பட்டதும் வீரியமிழந்துவிடும். ஐந்து கிலோ பருப்பை எண்ணெய் கக்காதவாறு இலேசாக இடித்து, பத்து லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் நீர் பால்போல் வெளுக்கும்வரை மரக்கட்டையால் கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, நூறு லிட்டராகப் பெருக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்ப்பர். சூரிய வெளிச்சத்தில் அசாடிராக்டின் சிதைந்துபோவதால் பொழுது சாயும் வேளையில் தெளிப்பதும், வடித்த அன்றே தீர்த்துவிடுவதும் அவசியம்.

இத்துணைச் சிரமம் எதற்கு என வினவுவோர், கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின்மேல் 1970களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை ஹெலிகாப்டரில் தூவப்பட்ட எண்டோசல்பான் என்னும் இரசாயனப் பூச்சிக்கொல்லியால் அங்குள்ள குடும்பங்கள் அநுபவித்த துயரத்தை அறிதல் வேண்டும். 2011இல்தான் உச்சநீதிமன்றம் அந்நஞ்சை நாடெங்கும் தடை செய்தது. வேம்பின் பயனை உணர்ந்த அயல்நாட்டார், வேப்பெண்ணெயைப் பூஞ்சைநாசினியாகப் பிரயோகிக்கும் முறைக்குப் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை, இந்தியத் தரப்பின் ஆட்சேபத்தால் 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே உறுதிப்பட்டது.

இயற்கையானதாயினும் வேம்பு முற்றிலும் தீங்கற்றதன்று. வேப்பெண்ணெயைச் சிசுக்களுக்குப் புகட்டுவது உயிருக்கே அபாயமாகலாம். கரைசலையும் குளம் குட்டைகளில் கலக்காதவாறு கையாள வேண்டும்.