முத்துச் சிப்பியும் பருவக்காற்றும்: மன்னார் வளைகுடா வரலாற்றில் நீரோட்டத்தின் இடம்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் அமர்ந்து மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு வரலாற்றை எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், அவ்வரலாற்றின் பழைய புதிர் ஒன்றை வேறு விதமாகக் கேட்க எனக்குத் துணைநின்றது இந்நகரில் நிகழும் கடலாய்வுதான்.

புதிர் இது. இலங்கைக் கரையின் முத்துக்குளிப்புக் கணக்குகளில் நீண்ட வெற்றிடங்கள் உண்டு. 1838 முதல் 1854 வரை குளிப்பு இல்லை; மீண்டும் 1892 முதல் 1902 வரை இல்லை. பிறகு 1903 தொடங்கி ஐந்து ஆண்டுகள் இடையறாத விளைச்சல். 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய்.

இவ்வெற்றிடங்களுக்கு வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களைக் கூறுகின்றன: அளவிறந்த குளிப்பு, நிர்வாகக் குறை. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. இலங்கைக் கரையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1796, 1797, 1798 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் குளிப்பை நடத்தினர். ஆனால், பல்லாண்டுகள் குளிப்பே நிகழாமல் விடப்பட்ட பின்னும் சிப்பிப் படுகைகள் நிரம்பாதிருந்தது ஏன்? பேராசையை மட்டும் கொண்டு இதற்கு விடைகூற இயலாது.

இதை ஆராய 1902இல் இலங்கைக்கு வந்தவர் வில்லியம் ஹெர்ட்மன். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். அவர்களது அறிக்கை படுகைகளைக் குறிக்கும் சொல் நம் கடலோடிகளின் 'பார்' என்பதே. அவற்றுள் பெரிய பார், கரையிலிருந்து தொலைவில், கடலடி செங்குத்தாக ஆழத்தில் இறங்கும் விளிம்பை ஒட்டியது. 1902 மார்ச்சில் அங்கு இளஞ்சிப்பிகள் எண்ணிலடங்காமல் கிடந்தன. நவம்பரில் அவை இல்லை. இடைப்பட்ட தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரின் விசை அவற்றை ஆழத்துக்கு அடித்துச் சென்றிருக்க வேண்டும் என்று ஹெர்ட்மன் முடிவுசெய்தார். அங்குள்ள இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்ற வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

சிப்பியின் வாழ்க்கை வரலாறும் இதற்கு இடமளிக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீரில் மிதந்து திரிந்த பிறகே ஒரு பாரில் பற்றிக்கொள்கிறது. அந்நாள்களில் அது நீரோட்டத்தின் வசப்பட்டது. ஆகவே ஒரு பாரின் விளைச்சல், அங்கு எத்தனை சிப்பிகள் விடப்பட்டன என்பதை மட்டுமன்று, நீர் எத்திசையில் நகர்ந்தது என்பதையும் பொறுத்தது.

பெங்களூரு இங்குதான் வருகிறது. வட இந்தியப் பெருங்கடலின் மேல்நீரோட்டங்கள் பருவக்காற்றோடு திசை மாறுபவை. கோடையில் அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீர் இலங்கையின் தெற்கே கிழக்கு நோக்கிப் பாய்ந்து, பின் வடக்கே வளைந்து வங்கக்கடலுள் நுழைகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் பி. என். வினயசந்திரனும் உடனாய்வாளர்களும் 1990களின் இறுதியிலிருந்து இதை ஆராய்ந்து வருகின்றனர். இலங்கையின் தென்கரையில் பெருகும் நுண்பாசிகளை இவ்வோட்டம் வங்கக்கடலுக்குச் சுமந்து செல்வதைச் செயற்கைக்கோள் தரவுகளால் 2004இல் காட்டினர். 2016 ஜூன், ஜூலையில் 'சிந்து சாதனா' கப்பலிலிருந்து இவ்வோட்டத்தை நேரில் அளந்தனர். இவ்வாய்வுகள் திறந்த கடலைப் பற்றியவை. மன்னார் பார்களை அளந்தவை அல்ல. அவை வரலாற்று மாணவருக்குத் தருவது ஒரு கேள்விமுறை: ஓரிடத்தின் உயிர்வளத்தை அவ்விடத்தை மட்டும் பார்த்து விளக்க இயலுமா?

ஆனால் பழியைக் கடலின்மீது போட்டு அரசை விடுவிப்பதும் பிழையே. ஹெர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பார்களின் நிலையாமை அதில் விரிவாகப் பதிவாகியிருந்தது. அதே 1906இல் இலங்கை அரசு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்கு அப்பார்களை ஓர் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் விளைச்சல் நின்றது. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது. நிலையற்றது என்று அறிந்த ஒன்றை நிலையான வாடகையாக மாற்ற முயன்றதே இங்கு அரசின் தவறு.

இன்னொன்றையும் ஆவணம் மறைக்கிறது. பார்களுக்குப் பெயரிட்டவர்கள் அங்கு மூச்சடக்கிக் குளித்தவர்களும் தோணி செலுத்தியவர்களும். வாடை, கச்சான், சோழகம் எனக் காற்றையும், நீவாடு என நீரோட்டத்தையும் பெயரிட்டு அறிந்தவர்கள் அவர்கள். அறிக்கை அவர்களுடைய பார்ப்பெயர்களை ஏற்றுக்கொண்டது. அவர்களைத் தம் கடலை அறிந்தவர்களாக ஏற்கவில்லை.

1976இல் இந்தியாவும் இலங்கையும் இவ்வளைகுடாவில் எல்லை வகுத்தன. 1986இல் தமிழகக் கரையோரத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. இரண்டும் வரைபடத்தில் நிற்கும் கோடுகள். மூன்று வாரம் மிதக்கும் இளவுயிரிக்கு அவை பொருட்டல்ல. ஒரு கரையின் பாதுகாப்பு மறுகரையின் நீரையும் சார்ந்தது என்பதை ஹெர்ட்மன் காலத்து வெற்றிடங்களே உணர்த்துகின்றன.

முத்துக்குளிப்பு ஆவணங்களில் ஆய்வு தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வருவாய் அட்டவணையைப் படிக்கும்போது ஆண்டோடு மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பார் பார்வையிடப்பட்டது பருவக்காற்றுக்கு முன்பா, பின்பா என்பது தெரியாமல், விளைச்சல் பொய்த்ததற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்பெழுத முடியாது.