மலாக்காவின் கட்டடங்களும் தமிழரின் தடமும்

மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப் பள்ளிகளில், குறிப்பாக நியாலாஸ், ஆசஹான், ஜாசின் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில், கல்விச் சுற்றுலா என்றாலே மலாக்கா நகரந்தான். மாணவர் பேருந்தை விட்டிறங்கிப் பழைய கோட்டை வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர், குன்றின்மேல் ஏறி இறங்குவர், செந்நிறக் கட்டடத்தின் முன் இன்னொரு படம், பிறகு பகலுணவு. மறுநாள் கட்டுரை ஏட்டில், போர்த்துகீசியர் கட்டினர், டச்சுக்காரர் கைப்பற்றினர், ஆங்கிலேயர் ஆண்டனர் என்று மூன்று வரிகளை மூன்று பத்திகளாக விரித்து எழுதுவர். அப்பொழுது தமிழர் எங்கே இருந்தனர் என்று வினவினால், ‘நாம் பால்மரம் வெட்ட வந்தவர்கள்தானே, ஐயா’ என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.

அவ்விடை பொய்யன்று. நம்முள் மிகப் பெரும்பாலோரின் பாட்டனாரும் பூட்டனாரும் அவ்வாறே வந்தனர். ஆயினும், அம்மாணவன் காலையில் படம் எடுத்துக்கொண்ட அந்நகரத்திற்கு அவ்விடை பொருந்தாது. ரப்பர் விதை இந்நாட்டு மண்ணைக் காண்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்கு முன்பே அங்குத் தமிழ் வணிகர் வாழ்ந்தனர். அதற்குச் சான்று ஏட்டில் மட்டுமன்றி, மாணவர் நடந்து சென்ற தெருக்களிலேயே உள்ளது. அதனைப் படிக்கக் கற்பிப்பது ஆசிரியர் கடமை.

முதலில் கோட்டை வாயிலையே எடுத்துக்கொள்வோம். 1511ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அல்போன்சோ டி அல்புகெர்க்கின் தலைமையில் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். உடனே கோட்டை எழுப்பத் தொடங்கினர். கல்லுக்கு எங்கே போவது? குன்றின்மேலிருந்த பள்ளிவாசலையும் மலாய் மன்னர்களின் கல்லறைகளையும் இடித்து எடுத்தனர். சுல்தானின் பணியில் இருந்த அடிமைகளே கட்டுமான வேலைக்கு விடப்பட்டனர். ஆகவே, ‘ஆ பாமோசா’ எனப்படும் அக்கோட்டை, ஓர் அரசின் நினைவுச் சின்னங்களைப் பெயர்த்து மற்றோர் அரசு எழுப்பிய கோட்டையாகும். இதனைச் சொல்லாமல் மாணவரை அதன் முன் நிறுத்துவது சரியன்று.

இன்று எஞ்சி நிற்பது ‘போர்த்தா டி சந்தியாகோ’ என்னும் ஒரு வாயில் மட்டுமே. அதன் நெற்றியில் உள்ள சின்னம் போர்த்துகீசியருடையது எனப் பலர் எண்ணுகின்றனர். அண்ணாந்து பார்த்தால் 1670 என்னும் ஆண்டு தெரியும். 1641ஆம் ஆண்டு சனவரியில், நெடுநாள் முற்றுகைக்குப் பின் நகரைப் பிடித்த டச்சுக்காரர், சிதைந்த கோட்டையைச் செப்பனிட்டுத் தம் கும்பினியின் சின்னத்தைப் பொறித்தனர். வாயில் ஒருவர் கட்டியது. முகப்பு மற்றொருவர் எழுதியது.

இவ்விரு கைமாற்றங்களுள் முதலாவதில் ஒரு தமிழரின் பெயர் அழுத்தமாகப் பதிந்துள்ளது. 1509ஆம் ஆண்டு மலாக்காவிற்கு வந்த முதல் போர்த்துகீசியக் கப்பற்படை தோற்று ஓடியபோது, அப்படையைச் சேர்ந்த சிலர் சிறைப்பட்டனர். அச்சிறையாளர்க்கு உதவியவர் நினா சட்டு எனப் போர்த்துகீசிய ஏடுகள் குறிக்கும் இந்து வணிகர். நகர் வீழ்ந்த பின்னர் அல்புகெர்க் அவருக்குப் பெண்டஹாரா பதவி அளித்து, இசுலாமியர் அல்லாத மக்களுக்கு அவரைத் தலைவராக்கினார். 1514இல் அப்பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டுக் கம்பார் மன்னருக்கு வழங்கப்பட்டது. அவமானம் பொறாத அம்முதியவர் சிதை அடுக்கச் செய்து, அதனில் ஏறித் தீப்பாய்ந்து உயிர் நீத்தார்.

இவரை வகுப்பில் எவ்வாறு கற்பிப்பது? தமிழர் ஒருவர் பெண்டஹாரா ஆனார் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிவிடுவது எளிது. மலாய் அரசின் பக்கமிருந்து நோக்குவோர்க்கு அவர் பகைவர்க்குத் துணைபோனவராகவே தோன்றுவார். சிறைப்பட்டவர்க்கு இரங்கியவர் என்று கொள்ளவும் இடமுண்டு; தம் வணிகத்தின் நலன் கருதியவர் என்று கொள்ளவும் இடமுண்டு. மூன்றையும் மாணவர் முன் வைத்து அவர்களையே வழக்காடச் செய்வது நலம் என்பது என் கருத்து. பெருமைக்காக மட்டும் வரலாற்றைத் தேடுகிறவன், தனக்கு வேண்டாததைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வான்.

கோட்டையின் பிற பகுதிகள் என்னவாயின? 1795இல் மலாக்கா ஆங்கிலேயர் வசம் வந்தது. ஐரோப்பியப் போர் முடிந்தபின் நகரை டச்சுக்காரரிடம் திருப்பித் தர நேரிடலாம். அப்பொழுது இத்துணை வலிய கோட்டை பிறர் கையில் இருத்தல் கூடாது என்று கருதி, 1807இல் வில்லியம் பார்க்குவார் அதனைத் தகர்த்தார். இக்காட்சியைச் சிறுவனாக இருந்து கண்டவர் முன்ஷி அப்துல்லா. வேலையாட்கள் கோட்டையில் பேய் உறைவதாக அஞ்சியதையும், கடப்பாரைக்கு அசையாத சுவர்களை இறுதியில் வெடிமருந்து வைத்துப் பெயர்த்ததையும், யானையளவும் வீட்டளவுமான பாறைத் துண்டுகள் வானில் எழுந்து கடலில் வீழ்ந்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் விரித்துரைக்கிறார். 1808இல் மலாக்காவிற்கு வந்த இராபிள்ஸ், நகரைக் கைவிடலாகாது என மேலிடத்திற்கு எழுதியதனால் எஞ்சிய பகுதிகள் பிழைத்தன.

அப்துல்லாவைப் பற்றித் தமிழாசிரியர் அறிய வேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. புதிய மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர், அரபு மரபும் தமிழ் மரபும் கலந்த குடும்பத்தில் தோன்றியவர். அவருடைய தந்தையார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். ஏன்? மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்றும், கணக்கெழுதவும் பேசவும் அது பயன்பட்டது என்றும், நகரில் அக்காலத்தே தமிழ் வணிகர் நிறைந்திருந்தனர் என்றும் அவரே கூறுகிறார். தமிழ் படித்து என்ன பயன் என்று பெற்றோர் கேட்கும் இந்நாளில், பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லத்தக்க செய்தி இது.

வாயிலின் பின்னுள்ள குன்றின்மேல், கூரையின்றி நிற்கிறது புனித பவுல் ஆலயம். 1521இல் துவார்த்தே கொயேலியோ என்பார் எழுப்பிய சிற்றாலயம் அதன் தொடக்கம். சுவர்கள் செம்பூரான் கல்லால் ஆனவை. புனித பிரான்சிஸ் சவேரியார் இவ்வாலயத்தைத் தமக்கு இருப்பிடமாகக் கொண்டார்; சீனக் கடற்கரையில் அவர் மறைந்த பின், 1553இல் அவரது உடல் கோவாவிற்குக் கொண்டு செல்லப்படுமுன் இங்குச் சில திங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. சவேரியார் மலாக்காவிற்கு வருமுன் எங்கே இருந்தார்? தமிழகத்து முத்துக்குளித்துறையில், தூத்துக்குடி வட்டாரத்துப் பரதவரிடையே இருந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, சிற்றூர் தோறும் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். மலாக்காக் குன்றின்மேல் நின்று கடலை நோக்குகையில் தூத்துக்குடியையும் நினைவுறுத்தலாம்.

குன்றின் அடியில் உள்ள செந்நிறக் கட்டடங்களைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டுவதில்லை. வழிகாட்டி நூல்கள் அனைத்தும் அவற்றையே பேசுகின்றன. 1650ஆம் ஆண்டளவில் எழுந்த ஸ்டாடைஸ் டச்சு ஆளுநரின் மாளிகை, இன்று அருங்காட்சியகம். அருகிலுள்ள கிறிஸ்து ஆலயத்திற்கு, டச்சு ஆட்சியின் நூறாம் ஆண்டான 1741இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1753இல் பணி நிறைவுற்றது. அதன் கூரையைத் தாங்கும் உத்திரங்கள் ஒவ்வொன்றும் இணைப்பின்றி ஒரே மரத்திலிருந்து அறுத்தெடுக்கப்பட்டவை. மாணவர் இதனைக் கண்டால் வியப்பர். செந்நிறமும் டச்சுக்காரர் தந்ததன்று. முன்பு வெள்ளையாயிருந்தவற்றுக்குப் பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் பூசிய வண்ணம் அது.

மாணவர் கூட்டம் வழக்கமாக இவ்விடத்தோடு திரும்பிவிடுகிறது. பாலத்தைக் கடந்து ஆற்றின் அக்கரைக்குச் செல்வதில்லை. நம் வரலாறோ அக்கரையில் இருக்கிறது. 1613இல் கொடின்யோ டி எரேடியா வரைந்த நகர்ப் படத்தில், கோட்டைக்கு வெளியே, ஆற்றின் மறுகரையில், ‘கம்போன் செலிம்’ என்னும் குடியிருப்புக் குறிக்கப்பட்டுள்ளது. கம்போங் கெலிங் என்பதே அது.

அங்கே ஜாலான் துக்காங் எமாஸ் எனப்படும் பொற்கொல்லர் தெருவில் அருள்மிகு பொய்யாத விநாயகர் கோயில் உள்ளது. டச்சு அரசு வழங்கிய நிலத்தில் 1781ஆம் ஆண்டு மலாக்காச் செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி எழுப்பியது. இன்றளவும் வழிபாடு நிகழும் இந்துக் கோயில்களுள் இந்நாட்டிலேயே மிகப் பழையது என்று இதனைக் கூறுவர். வானளாவிய கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். வரிசை வீடுகளின் நடுவே, தெருவின் அளவிற்கு ஏற்ப அடக்கமாக அமைந்த கோயில் அது.

சில அடிகள் நடந்தால் கம்போங் கெலிங் பள்ளிவாசல். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர் மரத்தால் எழுப்பினர். 1872இல் செங்கல்லால் புதுக்கப்பெற்றது. அதன் கூரை மூவடுக்காகக் கூம்பி நிற்கும். மினாரா சீனக் கோபுரம் போன்றது. தூண்கள் ஐரோப்பியப் பாணி. உள்ளே ஆங்கிலேய விளக்குச் சரம். இன்னும் சற்று நடந்தால் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றும் ஒரே தெருத் தொடரில் உள்ளன. இந்துவாயினும் இசுலாமியராயினும் வணிகத்திற்காகக் கடல் கடந்தோரின் தமிழ் மரபு இங்கே இரு வழிபாட்டுத் தலங்களாக அடுத்தடுத்து நிற்கிறது.

‘கெலிங்’ என்னும் சொல்லைப் பலகையில் கண்டதும் நம் மாணவர் முகம் சுருங்குகிறது. சிலர் சிரிப்பர், சிலர் தலை குனிவர். பள்ளிக்கு வெளியே அச்சொல் வசையாக வீசப்படுவதை அவர்கள் அறிவர். இதனைக் கடந்துசெல்லாமல் அவ்விடத்திலேயே நின்று விளக்குதல் வேண்டும். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்து, தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்த சொல் அது. பள்ளிவாசலுக்கும் தெருவுக்கும் இடப்பட்ட காலத்தில் அதில் இழிவில்லை. செல்வமும் செல்வாக்கும் உடையோரின் பெயராகவே அது இருந்தது. அடித்தட்டுத் தொழிலாளராக நம்மவர் பெருந்தொகையினராய் வந்திறங்கிய பிற்காலத்தில் அச்சொல்லில் இகழ்ச்சி ஏறிற்று. யாரேனும் அதனை வசையாக வீசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஆனால் அப்பலகையின்முன் மாணவன் தலை குனிய வேண்டியதில்லை.

நகரை விட்டுச் சற்று விலகிக் காஜா பெராங்கில் கம்போங் செட்டி உள்ளது. போர்த்துகீசிய, டச்சு ஆட்சிகளில் நகரில் வணிகம் செய்த செட்டிகளின் வழித்தோன்றல்கள் பின்னர் அங்குக் குடியேறினர். 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலே அவ்வூரின் உயிர்நாடி. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்; பெண்டிர் உடுப்பது சாரோங் கெபாயா; உணவில் மலாய்ச் சுவையும் பெரானாக்கான் சுவையும் கலந்திருக்கும். எனினும் பிள்ளை, படையாச்சி, நாயக்கர் என்னும் பெயர்களை விடவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் முன்னோர்க்கு வாழையிலையில் படையல் இடுகின்றனர். மாரியம்மன் திருவிழா அங்கே ‘டத்தோ சச்சார்’ என வழங்கும்.

நம் மாணவர் அங்குச் சென்றால் குழம்புவர். கோயிலும் குலப்பெயரும் திருநீறும் நம்முடையவை. பேச்சு மட்டும் நம்முடையதன்று. ‘இவர்கள் தமிழை இழந்தவர்கள்’ என்று இரங்கிப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு அவ்விரக்கம் அவ்வளவாக உடன்பாடன்று. அவர்கள் மொழியை இழந்தனர். கோயிலையும் ஊரையும் காத்தனர். 2010களில் அவ்வூரை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது, எண்ணிக்கையில் சிறியவர்களாயினும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். நாமோ மொழியைக் காத்தோம். நம் தோட்டங்களில் காத்த கட்டடம் எத்தனை?

இக்கேள்வி நியாலாஸில் இருப்போர்க்கு மிகவும் அண்மையானது. 1896இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். இந்நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்ட முதல் தோட்டம் அதுவே. அதனையடுத்து அவர் பெரிய அளவில் நட்ட இடம் நமக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் ஆசஹான். உலகச் சந்தையையே மாற்றிய ஒரு பயிரின் வரலாற்றில் லெடாங் மலையடிவாரத்திற்கும் பங்குண்டு. அங்கு வேலைசெய்தோருக்கு லயம் இருந்தது. பெரட்டுக் களம் இருந்தது. ஆயாக் கொட்டகை, பால் நிறுக்கும் கொட்டகை, முனியாண்டி மேடை, பள்ளிக்கூடம் ஆகியன இருந்தன. ரப்பர் அழிந்து செம்பனை வந்த இடங்களில் பல தோட்டங்களின் லயங்களும் போயின. பலகைச் சுவரும் தகரக் கூரையும் ஆனவற்றை வெடிமருந்து வைத்துப் பெயர்க்க வேண்டிய தேவையில்லை. மண்வாரி இயந்திரம் ஒரு நாளில் முடித்துவிடும்.

நகரத்தில் நிலைமை வேறு. 2006இல் சுழலும் கோபுரம் ஒன்றைக் கட்டத் தோண்டியபோது, பார்க்குவார் தகர்த்த கோட்டையின் கொத்தளம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்திற்கு மாற்றினர். கொத்தளத்தை மீட்டுக் கட்டினர். 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களாக அறிவிக்கப்பெற்றன. இருநூறு ஆண்டுகளாக மண்ணுள் கிடந்த கல்லுக்காகக் கோபுரம் இடம்பெயர்ந்தது.

இனிச் சுற்றுலா செல்லும் பள்ளிகள் வாயிலில் அரைமணி நேரத்தைக் குறைத்து, அதனைப் பொற்கொல்லர் தெருவிற்கும் கம்போங் செட்டிக்கும் தரலாம். திரும்பிய மறு வாரம், ஆறாம் ஆண்டு மாணவரைத் தங்கள் தோட்டத்திற்கே அழைத்துச் செல்லலாம். கோயில் மணியில் ஆண்டு வெட்டியிருந்தால் அதனைப் படியெடுத்தல். எஞ்சிய லயத்தின் நீள அகலத்தை அடியில் அளத்தல். ஒரு வீட்டில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்று பாட்டிமாரைக் கேட்டு எழுதுதல். பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று காட்டச் சொல்லி, வழிப்படம் ஒன்றில் குறித்தல். பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பு இதற்கென இருக்கட்டும். நியாலாஸ் வட்டாரத்தில் பழைய லயத்தில் பிறந்தோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். ஆகவே வரும் பள்ளி விடுமுறைக்கு முன்பே தொடங்குவது நன்று.