யுஎஸ்பி வட்டுகளும் இடம் மாறிய வேகத் தடையும்

1996 ஜனவரியில் வெளிவந்த யுஎஸ்பி தரம் வட்டுகளை முன்வைத்து வகுக்கப்பட்டதல்ல. விசைப்பலகை, மவுஸ், பிரின்டர், மோடம் என ஒவ்வொன்றுக்கும் கணினியின் பின்புறத்தில் ஒவ்வொரு வகைப் போர்ட் இருந்த நிலையை மாற்றவே இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கைகோத்தன. அந்தப் பணிக்கு நொடிக்கு 12 மெகாபிட் தாராளம். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் கணக்குப்படி அது 1.5 மெகாபைட், கோப்புகள் உண்மையில் நகர்ந்ததோ ஏறத்தாழ 1 மெகாபைட் வேகத்தில். 2000 டிசம்பரில் ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்த பென்டிரைவின் கொள்ளளவே 8 மெகாபைட்தான். அதில் இந்த வேகம் குறையாகத் தெரியவில்லை. வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் 10 ஜிபி தரவை ஏற்றும்போதுதான் ஏறக்குறைய மூன்று மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது.

2000 ஏப்ரலில் வந்த யுஎஸ்பி 2.0 வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. ஆனால் மறு ஆண்டு வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் தொடக்கத்தில் அதற்கான டிரைவரே இல்லை. 2002இல் வந்த சர்வீஸ் பேக் 1 அந்தக் குறையைத் தீர்த்தது. புதிய வட்டைப் பழைய போர்ட்டில் செருகினால், வேகமான போர்ட்டுக்கு மாற்றச் சொல்லி திரையின் மூலையில் ஒரு குமிழ் எழும். அந்நாளில் கோளாறு தேடும் வேலை பெரும்பாலும் அந்தக் குமிழோடு முடிந்துவிடும். போர்ட்டை மாற்றினால் தீர்ந்தது.

அப்படியும் தீராத ஒரு மந்தம் இருந்தது. 480 மெகாபிட் என்றால் 60 மெகாபைட். வட்டுகளோ 30 முதல் 40 மெகாபைட்டுக்குள் நின்றுவிட்டன. 1 டிபி வட்டை நிரப்ப ஒன்பது மணி நேரம் ஆனது. சேமிப்புக் கருவிகளோடு பேசுவதற்காக வகுக்கப்பட்ட நெறிமுறைதான் இதற்கு முக்கியக் காரணம். கணினி 31 பைட் நீளமுள்ள கட்டளை ஒன்றை அனுப்பும். பிறகு தரவு நகரும். வேலை முடிந்தது என்று வட்டு 13 பைட்டில் பதில் சொல்லும். அந்தப் பதில் வந்துசேரும்வரை அடுத்த கட்டளைக்கு இடமில்லை. எளிமைக்காகச் செய்த இந்த ஏற்பாட்டால்தான் பென்டிரைவ் எந்தக் கணினியிலும் தடையின்றி இயங்கியது. காத்திருப்பு அதற்குக் கொடுத்த விலை. காகிதத்தில் 400 மெகாபிட்டே கொண்ட ஃபயர்வயர் என்ற மற்றொரு இணைப்புத் தரம், வட்டு வேலையில் யுஎஸ்பி 2.0ஐ முந்தியது. அட்டையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வரலாற்றில் இல்லை.

2008 நவம்பரில் அறிவிக்கப்பட்ட யுஎஸ்பி 3.0, 5 கிகாபிட் வேகத்தோடு வந்தது. பல கட்டளைகளை வரிசையில் ஏற்கும் யுஏஎஸ் நெறிமுறையும் அதையொட்டி வந்தது. விண்டோஸ் 8 அதைத் தன்னிலேயே சேர்த்துக்கொண்டது. ஆனால் புதிய பிளக்கின் அமைப்பே புதியதொரு கோளாறுக்கு வழிவிட்டது. பழைய நான்கு முனைகளோடு மேலும் ஐந்து முனைகள் பிளக்கின் உட்புறத்தில் இருக்கின்றன. பிளக்கை மெதுவாகச் செருகினால் பழைய நான்கும் முதலில் தொட்டு, வட்டு யுஎஸ்பி 2.0ஆகவே பதிவாகிவிடக்கூடும். வெளிப்புற வட்டில் உள்ள அகலமான மைக்ரோ சாக்கெட்டின் ஒரு பாதியில் சாதாரண மைக்ரோ யுஎஸ்பி கேபிளும் பொருந்தும். வட்டு இயங்கும், பழைய வேகத்தில். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகும் இத்தகைய கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம்.

கேபிள் வழி அகலமானதும் தடை வட்டுக்குள் புகுந்தது. 2013இல் சீகேட் விற்கத் தொடங்கிய ஒரு வகை ஹார்ட் டிஸ்க்கில் தரவுத் தடங்கள் கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். கொள்ளளவு கூடும், ஆனால் ஒரு தடத்தைத் திருத்தி எழுத வேண்டுமானால் அதை அடுத்துள்ள தடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும். வட்டு முதலில் தனியான ஒரு தற்காலிகப் பகுதியில் எழுதிச் சமாளிக்கும். அது நிரம்பியதும் வேகம் சரியும். பல ஃபிளாஷ் சேமிப்புகளிலும் இதே நிலைதான்: ஒரு செல்லில் மூன்று நான்கு பிட் எழுதுவது மெதுவான வேலை என்பதால், முதலில் செல்லுக்கு ஒரு பிட்டாக விரைந்து எழுதும். அந்த இடம் தீர்ந்தால் காப்பி பாதியில் தளரும். இங்கே கேபிளை மாற்றிப் பயனில்லை.

தடையின் மூன்றாவது இடம் இயக்க முறைமை. லினக்ஸ் தரவை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துப் பிறகு வட்டில் எழுதும். அதனால் காப்பி விரைவாக முடிந்ததுபோல் காட்டிவிட்டு, வட்டைக் கழற்றச் சொன்னால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வைக்கும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளிப்புற வட்டுகளுக்கு எழுத வேண்டிய தரவைத் தேக்கிவைக்காத அமைப்பே இயல்பாயிற்று. சட்டென்று பிடுங்கினாலும் தரவு கெடும் ஆபத்து குறைந்தது. ஆனால் பலரின் வட்டு முன்பைவிட மெதுவாயிற்று. பத்தாயிரம் புகைப்படங்களைக் காப்பி செய்வோருக்குத்தான் பாதிப்பு அதிகம். ஒவ்வொரு சிறு கோப்புக்கும் அடைவுப் பதிவையும் கோப்பு அட்டவணையையும் புதுப்பிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் தலை அங்குமிங்கும் ஓடும். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பினால் அந்த ஓட்டம் குறையும்.

2019இல் வந்த யுஎஸ்பி4 40 கிகாபிட்வரை எட்டியது. ஆனால் அதே டைப்-சி முனையுள்ள சார்ஜர் கேபிள்கள் பல 480 மெகாபிட்டுக்கு மேல் கடத்துவதில்லை. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. இணைப்பு எந்த வேகத்தில் அமைந்தது என்பதை இயக்க முறைமையிடம்தான் கேட்டறிய வேண்டும். லினக்ஸில் கருவிப் பட்டியலை மரவடிவில் தரும் கட்டளை, வட்டின் வரியிலேயே 480 அல்லது 5000 என்ற எண்ணையும், பழைய நெறிமுறையா யுஏஎஸ்ஸா என்பதையும் காட்டிவிடும்.