மருந்துக்கு அளந்த நெல்

சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று என்பதைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பதினெண் கீழ்க்கணக்கில் நம் முன்னோர் இயற்றிய சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் மருந்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆயினும் அத்தானத்தை நினைக்கும்போது கொடுப்பவரின் உள்ளத்தையே பெரிதும் நினைக்கிறோம். கொடுக்கும் பொருளுக்கு ஓர் எல்லை உண்டு; அவ்வெல்லைக்குள் யாருக்கு எவ்வளவு என்று எவரேனும் அமர்ந்து பகுத்தே ஆகவேண்டும். சோழர் காலத்தார் அவ்வாறு பகுத்தனர். பகுத்ததைக் கல்லிலும் வெட்டி வைத்தனர்.

காவிரிப் படுகையில் அன்று நெல்லே ஊதியம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் தலைக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என விதிக்கிறது. அந்நெல் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. ஆடலுக்கும் இசைக்கும் விளக்குக்கும் நெல் அளந்த அதே நாடு மருத்துவத்துக்கும் அளந்தது. இராசராசனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார், தம் தந்தை சுந்தர சோழரின் பெயரால் தஞ்சையில் விளங்கிய ஆதுலசாலைக்கு நிலம் வழங்கிய செய்தியைப் பாபநாசத்தை அடுத்த கோயில் தேவராயன்பேட்டைக் கல்வெட்டால் அறிகிறோம். மருத்துவருக்கு இவ்வாறு விடப்பட்ட நிலம் மருத்துவக் காணி எனப்பட்டது. நிலத்தின் விளைவு மருத்துவருக்குச் சேரும். நோயாளியின் கையை அவர் பார்க்க வேண்டியதில்லை.

இத்தகைய அறச்சாலை ஒன்றின் உள்கணக்கை முழுமையாகக் காண விரும்புவோர் படுகையை விட்டு வடக்கே செல்லவேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்த ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையில் படுக்கைகள் 15. மருத்துவம் பார்ப்பவர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்பவருக்கு 30 கலம். மருந்துச் செடி கொணரவும் விறகு இடவும் இருவர். நோயாளரைப் பேணப் பெண்டிர் இருவர். நாவிதரும் தண்ணீர் கொணர்பவரும் கூட மறக்கப்படவில்லை.

நோயாளிக்கு நாள்தோறும் தலைக்கு ஒரு நாழி அரிசி. இதனைச் சற்றே கணக்கிட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 15 நாழி. 360 நாள்களுக்கு 5,400 நாழி. கலத்துக்கு 96 நாழியாக ஏறத்தாழ 56 கலம் அரிசி. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது சோழர் கல்வெட்டுகளில் பெரிதும் காணும் வீதம். அவ்வாறு கொண்டால் 140 கலம் நெல்லாகிறது. மருத்துவர் பெற்றதைவிட நோயாளர் உண்டது மிகுதி! பசித்த வயிற்றில் மருந்து நில்லாது என்பதை அறிந்தவர் வகுத்த கணக்கு இது. எனக்கு இக்கல்வெட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

மருந்துப் பட்டியலும் அவ்வாறே. ஓராண்டுக்கு வேண்டியவையாக இருபதளவில் மருந்துகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன: வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாண லவணம் முதலாயின. எளிதிற் கிடைக்கும் கடுக்காயை முதலாகக் கொண்டவை மட்டும் நான்கு. உலக நல்வாழ்வு நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டது 1977-இல். எல்லா மருந்தையும் வாங்க எந்த அரசாலும் இயலாது, பெரும்பாலோர்க்குப் பயன்படும் சிலவற்றை எப்போதும் இருப்பில் வைப்பதே நன்று என்பது அதன் கருத்து. திருமுக்கூடலார் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

அறக்கட்டளைகளின் கூட்டங்களில் இக்கேள்வி இன்றும் எழுவதுண்டு. ஒருவரின் இருதய அறுவைக்கு ஆண்டு நிதி முழுவதையும் ஈவதா, அத்தொகையைக் கொண்டு முதியோர் பலருக்குக் கண்புரை நீக்குவதா? கண்ணெதிரே நிற்பவரின் துயரே பெரிதாகத் தோன்றும். பட்டியலில் இருப்போர்க்கு முகம் இல்லை. முன்கூட்டியே வகுத்து எழுதிவைத்தல் இரக்கமின்மை ஆகாது என்பதே என் எண்ணம். எழுதப்படாத இடத்தில் முந்தி வந்தவரும் வலியவரும் அறிமுகம் உடையவருமே பெறுவர்.

ஆனால் திருமுக்கூடற் கணக்கில் என் மனம் ஒப்பாத ஓர் இடமும் உண்டு. அந்தப் பதினைந்து படுக்கைகளும் அங்கே வேதம் பயின்ற மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியவை. செலவுக்கான வருவாயோ வயலைக்காவூர் என்னும் ஊரிலிருந்து வந்தது. நெல் விளைவித்த உழவர்க்குப் படுக்கை ஒதுக்கப்பட்டதாகக் கல்வெட்டில் இல்லை. பகுப்பு செம்மையாக இருந்தும் பந்திக்கு உரியோர் சிலராகவே இருந்தனர்.

மராட்டியர் காலத்துச் சத்திரங்கள் அந்த எல்லையைச் சிறிது அகற்றின. 1799 உடன்படிக்கையால் ஆட்சியைக் கும்பினியாரிடம் இழந்த இரண்டாம் சரபோஜி மன்னர், 1801-இல் ரெசிடெண்டுக்கு எழுதிய மடலில் சத்திரங்களின் அறத்தைக் காக்குமாறு மன்றாடுகிறார். சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவர்க்கும் அங்கே உணவு; நோயுற்றோர்க்கு மருத்துவர், நலம்பெறும் வரை பராமரிப்பு. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அடுத்த ஆண்டிலேயே எழுந்தது. எனினும் அவை இராமேசுவர யாத்திரிகர் முதலிய வழிநடப்போரை முன்னிட்டு எழுந்த அறங்கள். பின்னர் எழுந்த தஞ்சை இராஜா மிராசுதார் மருத்துவமனையோ, யாருடைய கொடையால் நின்றது என்பதைப் பெயரிலேயே சொல்கிறது. மிராசுதாரின் கொடை என்றால் அதுவும் நெல்தான்.

நெல் போய்ப் பணம் வந்த காலத்தில் பழைய கணக்கு மீண்டும் தேவைப்பட்டது. 1994-இல் தமிழக அரசு, மருத்துவ சேவைக் கழகம் ஒன்றை நிறுவி, இன்றியமையா மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி வழியே மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் சேர்த்து வைக்க வகைசெய்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. எவ்வளவு தொகைக்கு மருந்து பெறலாம் என்பது அதில் குறிக்கப்படும். எடுக்க எடுக்க வரவு வைத்துக் கழிக்கப்படும். நகரத்துப் பெரிய மருத்துவமனை சிற்றூரின் பங்கை எடுத்துக்கொள்ள இயலாதவாறு எல்லை அதில் எழுதப்பட்டிருக்கிறது. பிற மாநிலத்தார் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது.

கிடங்கில் மருந்து தட்டுப்படும் நாள்களும் உண்டு. வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்பியவரைக் கேட்டால் தெரியும். ஆயினும் வயலைக்காவூரில் இன்று நெல் விளைவிப்பவர் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கும்போது, எந்தக் கோயிலின் பணியாளர் என்று அவரை எவரும் கேட்பதில்லை.